காசு கொடுக்காமல் கடையின் பெயர் செய்தியில் வர

(குடுமியான்மலையில் நமது அறக்கட்டளை நடத்திய சிறுதொழில் ஆலோசனைக் கூட்டத்தில், வட்டார நிருபராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

அஸருக்குப் பிறகு தொடங்கி மக்ரிபுக்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே வந்திருப்பவர்களில் வீட்டிலிருந்தே இடியாப்ப மாவும் மசாலாப் பொடியும் சமோசாவும் செய்து விற்கிற தாய்மார்கள் இருக்கிறீர்கள். புர்காவும் பள்ளிச் சீருடையும் தைக்கிற சகோதரிகள் இருக்கிறீர்கள். சபுர் முடித்துத் திரும்பி, சேர்த்த பணத்தை அன்னவாசலிலோ இலுப்பூரிலோ கடையாகப் போட்டிருக்கிற சகோதரர்களும் இருக்கிறீர்கள். யாரிடம் பேசினாலும் இரண்டு குறைகள் வருகின்றன. சரக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஆட்களுக்குத் தெரியவில்லை என்பது ஒன்று. தெரியப்படுத்தப் பணம் இல்லை என்பது இன்னொன்று.

இரண்டாவது குறையைத் தீர்க்கச் சிலர் கடன் வாங்குகிறார்கள். ரோட்டோரம் பெரிய பிளக்ஸ், கேபிள் டிவியில் பத்து நாள் விளம்பரம், திறப்பு விழாவுக்குப் பந்தல். மூன்று மாதத்தில் பிளக்ஸ் வெளுத்துவிடும். கடன் வெளுக்காது. அதில் வட்டியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ரூபாய் கடன் இல்லாமல் பத்திரிகையிலும் வானொலியிலும் கைபேசியிலும் உங்கள் தொழிலின் பெயர் வருவதற்கு வழி உண்டு. அந்த வழியில் எங்கே கால் இடறும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

செய்தி வேறு, விளம்பரம் வேறு

விளம்பரம் என்றால் பத்திரிகையில் இடத்தை விலைக்கு வாங்குகிறீர்கள். அதில் என்ன எழுதுவது என்பது உங்கள் விருப்பம். செய்திக்குக் காசு கிடையாது. ஆனால் எழுதுவது நிருபர். போடுவதா, எவ்வளவு போடுவது என்று முடிவு செய்வது ஆசிரியர் குழு. இந்த வித்தியாசம் புரியாமல் நிருபரிடம் போய், "நம்ம கடையைப் பத்தி நாலு வரி போடுங்க பாய்" என்று கேட்டால், அவர் விளம்பரப் பிரிவின் நம்பரைத் தருவார். அவரைக் கோபித்துப் பயனில்லை. அவர் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: கறம்பக்குடியில் டீ குடித்துக்கொண்டே பேப்பர் புரட்டுகிற ஒருவர், இந்தக் கடைக்கு வரப்போவதே இல்லாத ஒருவர், இதை எதற்காகப் படிக்க வேண்டும்?

அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருந்தால் உங்களிடம் செய்தி இருக்கிறது. "புதிதாகக் கடை திறந்திருக்கிறோம், தரமான பொருள், நியாயமான விலை" என்பது பதில் ஆகாது. எல்லாக் கடைக்காரரும் அதைத்தான் சொல்கிறார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கவரில் பணம் வைத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். யாராவது கேட்டாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். கொடுத்து வாங்கிய செய்தி லஞ்சம். அடுத்த முறையும் கொடுத்தால்தான் வரும். வந்தவருக்கு ஒரு டீ போதும்.

செய்தி எங்கே இருக்கிறது?

கோயம்புத்தூர் பக்கம் வடிவேலம்பாளையம் என்ற கிராமத்தில் கமலாத்தாள் என்ற மூதாட்டி இருக்கிறார். விறகடுப்பில் இட்லி சுட்டு ஒரு இட்லி ஒரு ரூபாய்க்கு விற்று வந்தார். விலையை ஏற்றினால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வயிறாரச் சாப்பிட முடியாது என்பது அவர் சொன்ன காரணம். 2019ஆம் ஆண்டு அவருடைய வீடியோ பரவியது. மஹிந்திரா நிறுவனத்தின் ஆனந்த் மஹிந்திரா அதைப் பகிர்ந்தார். எரிவாயு இணைப்பு வந்தது. 2022இல் அன்னையர் தினத்தன்று அவருக்கு ஒரு வீடும் கட்டிக் கொடுக்கப்பட்டது. 2020இல் ஊரடங்கில் எல்லா விலையும் ஏறியபோதும் அவர் ஒரு ரூபாயை மாற்றவில்லை என்று பத்திரிகைகள் மறுபடியும் எழுதின. அவர் யாரையும் தேடிப் போய் விளம்பரம் கேட்கவில்லை. பல வருடமாக ஒரு விஷயத்தில் உறுதியாக நின்றார். அந்த உறுதிதான் செய்தி.

நம் மாவட்டத்தையே பாருங்கள். சின்ன வீரமங்கலத்தில் ஒரு குடும்பத்தார் 2018இல் யூடியூபில் சமையல் வீடியோ போடத் தொடங்கினார்கள். சமையல் வேலை செய்து பழகிய தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் பெரிய பாத்திரம் வைத்துச் சமைத்தார்கள். சமைத்ததை முதியவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் பரிமாறினார்கள். வில்லேஜ் குக்கிங் சேனல் என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே ஆண்டு ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் சேனல் ஆனது. முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள், அதுவும் செய்தியானது. அவர்களிடம் ஸ்டூடியோ கிடையாது. வயல், அடுப்பு, தங்களுக்குத் தெரிந்த சமையல், இவைதான் இருந்தன. பட்டணத்துக்காரர் மாதிரி நடிக்காமல் உள்ளதை உள்ளபடி காட்டினார்கள்.

சென்னை அண்ணா சாலையில் புகாரி ஹோட்டல் 1951இல் தொடங்கியது. சிக்கன் 65 என்ற பெயர், 1965இல் தங்கள் உணவுப் பட்டியலில் வந்ததால் ஏற்பட்டது என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கு வேறு விளக்கங்கள் சொல்வோரும் உண்டு. ஆனால் 65 எங்கிருந்து வந்தது என்று யார் எழுதினாலும் புகாரி பெயரைச் சொல்லாமல் முடியாது. அத்தனையும் இலவச விளம்பரம். உங்கள் பண்டத்துக்கு ஒரு பெயரும் அந்தப் பெயருக்கு ஒரு உண்மைக் கதையும் இருந்தால் அதைச் சொல்லுங்கள். நன்னியிடம் கற்ற பக்குவம் என்றால் அப்படியே சொல்லுங்கள். இல்லாத கதையைக் கட்ட வேண்டாம்.

நான்காவது, பத்தமடைப் பாய். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பத்தார் கோரைப்புல்லை ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, துணி போல மடிக்கக்கூடிய பாய் நெய்கிறார்கள். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு அங்கிருந்து பாய் போனது என்பதை இன்றைக்கும் பத்திரிகைகள் எழுதுகின்றன. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஒரு தனி வீட்டின் பெயரைவிட ஊரின் பெயர்தான் பெரிது. இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. ஒரு பெண் தனியாகச் சமோசா போட்டால் செய்தியாவது கடினம். ஆறு பெண்கள் ஒன்று சேர்ந்து, ஒரே அளவில், ஒரே தரத்தில் ஒரு பண்டத்தைச் செய்தால் நிருபருக்கு எழுத விஷயம் கிடைக்கிறது.

கண்ணீரை விற்காதீர்கள்

இப்போது கால் இடறும் இடத்துக்கு வருகிறேன். 2020 அக்டோபரில் டெல்லி மாளவியா நகரில் ‘பாபா கா டாபா’ என்ற சாலையோரக் கடையின் வீடியோ நாடு முழுவதும் பரவியது. வியாபாரம் இல்லை என்று கடைக்கார முதியவர் அழுவதைப் பார்த்து மறுநாளே கூட்டம் அலைமோதியது. உதவிப் பணம் குவிந்தது. அந்தப் பணம் தொடர்பாக வீடியோ எடுத்தவரோடு தகராறு ஏற்பட்டு, விவகாரம் போலீஸ் வரை போனது. டிசம்பரில் புதிய உணவகம் திறந்தார்கள். வாடகையும் ஆள் சம்பளமும் வரவை மிஞ்சின. 2021 பிப்ரவரியில் அதை மூடிவிட்டு முதியவர் பழைய சாலையோரக் கடைக்கே திரும்பினார்.

இரக்கப்பட்டு வந்தவர் ஒரு முறை சாப்பிட்டு, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ருசிக்காக வந்தவர் அடுத்த வெள்ளிக்கிழமையும் வருகிறார். முதல் கூட்டத்தைப் பார்த்துக் கடையைப் பெரிதாக்கினால், இரண்டாம் மாதத்திலிருந்து வாடகை மட்டும்தான் தவறாமல் வரும்.

இதை நம் தாய்மார்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். கணவரை இழந்த சகோதரி தொழில் செய்கிறார் என்றால், எழுதுகிறவருக்கும் வீடியோ எடுக்கிறவருக்கும் அந்தத் துயரம்தான் முதலில் கண்ணில் படும். "அவர் மவுத்தான பிறகு ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாம்மா?" என்று கேட்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் வாசகரைப் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வரி அச்சில் வந்தால் ஊர் முழுக்கப் படிக்கும். நாளைக்கு மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவரும் கைபேசியில் அதைத்தான் பார்ப்பார்.

ஆகவே பேட்டிக்கு உட்காரும் முன்பே, எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்று வீட்டில் கலந்து முடிவு செய்யுங்கள். முகம் தெரியும்படி படம் வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாவு பிசைகிற கை, தையல் இயந்திரம், அடுக்கி வைத்த பொட்டலம் இவற்றை எடுக்கச் சொல்லுங்கள். முழுப் பெயர் வேண்டாம் என்றால் குழுவின் பெயரைக் கொடுங்கள். நல்ல நிருபர் இதற்குச் சம்மதிப்பார். சம்மதிக்காவிட்டால் அந்தச் செய்தி நமக்கு வேண்டாம். வேறு ஒருவர் வருவார், இன்ஷா அல்லாஹ். பேசி முடித்த பிறகு "இதைப் போடாதீங்க" என்று கெஞ்சுவதைவிட முன்னாலேயே சொல்வது இரு தரப்புக்கும் நல்லது.

சொல்வது உண்மையாக இருக்கட்டும்

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு, அதை மேலே மக்கள் பார்க்கும்படி வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். செய்தியும் ஒரு குவியல்தான். மேலே காய்ந்ததைக் காட்டி உள்ளே ஈரத்தை மறைக்கக் கூடாது.

சட்டமும் இதைச் சொல்கிறது. கருஞ்சீரக எண்ணெய், தேன், மூலிகைப் பொடி விற்கும் சகோதரர்கள் கவனமாகக் கேளுங்கள். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டாலும் விளம்பரம் விளம்பரம்தான். என்ன பொருள், எங்கிருந்து வந்தது, எப்படிப் பிழிந்தது, எத்தனை மில்லி, என்ன விலை என்று மட்டும் சொல்லுங்கள்.

உணவுப் பண்டம் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணைப் பொட்டலத்தில் போட்டிருக்க வேண்டும். செய்தி வந்த மறுநாள் வாடிக்கையாளர் மட்டுமா பேப்பர் படிக்கிறார்? அதிகாரியும் படிக்கிறார். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவையும் செய்துகொள்ளுங்கள். அரசு இணையதளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது.

செய்திக் குறிப்பு எழுதும் முறை

நிருபருக்கு நேரம் குறைவு. கலெக்டர் ஆபீஸ், விபத்து, போராட்டம் என்று காலையிலிருந்து அலைகிறார். மாலையில் பக்கம் முடிக்கும் அவசரம். அதனால் காலையில் கூப்பிடுங்கள். பெரிய நிகழ்ச்சி நடக்கிற நாளைத் தவிர்த்துவிடுங்கள். பேசும் முன் ஒரு பக்கக் குறிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரி சொல்கிறேன். இது கற்பனைதான், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"குடுமியான்மலை அருகே 6 பெண்கள் சேர்ந்து நோன்புக் கஞ்சிக்கான அரிசி, பருப்பு, மசாலாக் கலவையைப் பொட்டலமாகத் தயாரிக்கிறார்கள். வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர்களும் தனியாக வசிக்கும் முதியவர்களும் வீட்டிலேயே கஞ்சி காய்ச்சிக்கொள்ள இது உதவும். ஒரு பொட்டலம் 4 பேருக்குப் போதும். செய்முறை பொட்டலத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. தயாரிப்பை நேரில் பார்க்கச் செவ்வாய் காலை 10 மணிக்கு வரலாம்."

ஐந்தே வாக்கியம். யார், எங்கே, என்ன, யாருக்கு உதவும், எப்போது பார்க்கலாம் எல்லாம் வந்துவிட்டது. "ஈடு இணையற்ற", "அற்புதமான" என்ற சொல் ஒன்றுகூட இல்லை. கீழே பொறுப்பாளரின் கைபேசி எண் போடுங்கள். அந்த எண்ணை எடுக்க ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் எடுத்த தெளிவான இரண்டு படங்களைச் சேர்த்து அனுப்புங்கள்.

காலமும் முக்கியம். நோன்பு நெருங்கும்போது நோன்புக் கஞ்சியைப் பற்றி எழுதப் பத்திரிகைகளே விஷயம் தேடும். சீருடை தைப்பவர்களுக்கு மே மாதம். முன்கூட்டியே பத்து, பதினைந்து நாள் இருக்கும்போது சொல்லுங்கள். பிறை பார்த்த பிறகு சொன்னால் அவர்கள் பக்கம் நிரம்பியிருக்கும்.

குறிப்பு கொடுத்தும் வரவில்லையா? ஒரு முறை நினைவூட்டுங்கள். தினமும் போன் செய்ய வேண்டாம். வந்த செய்தியில் சின்னத் தவறு இருந்தால் நன்றி சொல்லிவிட்டு மெதுவாகச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்த நிருபரே உங்களைக் கூப்பிடுவார்.

பத்திரிகைக்கு வெளியே

திருச்சி வானொலி 1939இலிருந்து இயங்குகிறது. விவசாயம், மகளிர், சிறுதொழில் பற்றிய நிகழ்ச்சிகளில் கைத்தொழில் தெரிந்தவர்களைப் பேச வைக்கிறார்கள். முகம் காட்ட விரும்பாத சகோதரிகளுக்கு வானொலி நல்ல இடம். செய்முறையைச் சொல்லத் தயாராக இருங்கள். விலைப் பட்டியலை அங்கே வாசிக்க முடியாது.

யூடியூபர்கள் வந்தால் முதலில் ஒன்று கேளுங்கள்: காசுக்கா, காசில்லாமலா? காசு வாங்கி எடுத்தால் அதை வீடியோவில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. காசு கொடுத்துவிட்டு, தற்செயலாக வந்தது போல எடுக்கச் சொல்லாதீர்கள். உதவிப் பணம் திரட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், யார் கணக்கில் வரும், கணக்கை யார் பார்ப்பது என்பதை எழுதி வாங்காமல் சம்மதிக்காதீர்கள். டெல்லியில் தகராறு தொடங்கிய இடம் அதுதான்.

கடைசியாக கூகுள் மேப். நம் ஊரின் இசைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறார்கள், பக்கத்தில் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்க்க வருகிறார்கள், வேளாண் கல்லூரிக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் வருகிறார்கள். பசித்தால் கைபேசியில்தான் தேடுகிறார்கள். அதில் உங்கள் கடை இருக்கிறதா? பதிவு செய்யக் கட்டணம் கிடையாது. பெயர், நேரம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மூடும் நேரம், நான்கு படம் போட்டால் போதும். பதிவு செய்து தருகிறேன், வருடத்துக்கு இவ்வளவு கொடு என்று போனில் கேட்கிறவரை நம்பாதீர்கள். வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் மட்டும் வீட்டு முகவரியைப் போடாமல், எந்தப் பகுதிக்குக் கொடுக்கிறீர்கள் என்பதைப் போடுங்கள். அதற்கும் அதில் வசதி இருக்கிறது.

கூட்டம் வந்தால்

செய்தி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 20 பொட்டலம் செய்கிற வீட்டுக்கு 200 பொட்டலம் கேட்டுப் போன் வரும். அவசரத்தில் மசாலாவை வாங்கிக் கலந்து 200 கொடுத்தால் அந்த 200 பேரும் திரும்ப வரமாட்டார்கள். "இன்றைக்கு 30தான் முடியும், உங்களுக்கு வியாழக்கிழமை" என்று சொல்லி, நோட்டில் பெயர் எழுதி, வியாழக்கிழமை சரியாகக் கொடுங்கள். காத்திருந்து வாங்கியவர் பத்துப் பேரிடம் சொல்வார். பழைய வாடிக்கையாளரின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். செய்தி வருவதற்கு முன்பு உங்களைக் காப்பாற்றியவர் அவர்தான். ஆறு மாதம் விற்பனை நின்று ஓடிய பிறகு இடத்தைப் பெரிதாக்குவது பற்றி யோசியுங்கள்.

உங்களில் யாராவது குறிப்பு எழுதினால் வருகிற ஞாயிறு லுஹருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நானும் நம் பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்து திருத்தித் தருகிறோம். எழுதத் தெரியாத தாய்மார்கள் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். வரும்போது உங்கள் பண்டத்தில் ஒரு பொட்டலமும் எடை மெஷினில் நிறுத்த அளவும் கொண்டு வாருங்கள். முதலில் எடையைத்தான் பார்ப்போம்.

நம் எல்லோருடைய தொழிலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.